இரண்டு பக்கமும் வேண்டுமா

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு நாலு கடை தள்ளி
என் ஜெராக்ஸ் மெஷின்.
கேட் விழுந்தால்தான் எனக்கு வியாபாரம்:
நிற்கிற நேரத்தில் ஆதார், ரேஷன் கார்டு,
கல்லூரிப் பெண்கள் கொண்டுவரும் நோட்ஸ்.

மூன்று வருடமாய் நானும் உளவியல் படிக்கிறேன்,
தாள் வெளியே வந்து விழுகிற சூட்டில்,
அடுத்த தாள் விழுவதற்குள்.

எந்தக் கிளை எவ்வளவு கனம் என்று கை சொல்லும்.
பிறழ்நிலை உளவியல் நூற்றெண்பது பக்கம்,
கறுப்பு அட்டை, தடித்த ஸ்பைரல்.
அதுதான் அதிகம் போகும்.
வாங்கிப் போகிற பெண் இரண்டாம் பக்கத்திலேயே
தன் மாமாவைக் கண்டுபிடித்துவிடுவாள்,
பத்தாம் பக்கத்தில் தன்னை.

குழந்தை வளர்ச்சி மெலிசு. அதில் ஒரு படம்:
ஒல்லி டம்ளரில் ஊற்றிய தண்ணீர்தான் அதிகம் என்கிறது
நாலு வயது.
அந்த ஆள் எங்கள் தெருவுக்கு வந்து கேட்டிருக்கணும்.
லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற பிள்ளை
எந்த வயதிலும் ஏமாறாது.

எந்த நாற்றமும் பத்து நிமிடத்தில்
மூக்குக்குப் பழகிவிடும் என்று ஒரு பாடம்.
மணலிக் காற்று அடிக்கிற திசையில் பிறந்தவர்கள்
அதற்குப் பரீட்சை எழுத வேண்டியதில்லை.

மறதிக்கு ஒரு கோடு இருக்கிறது.
முதல் நாள் செங்குத்தாய் இறங்கி
அப்புறம் படுத்துக்கொள்ளும்.
டோனர் இழுத்து என் பிரதிகளில்
அது இரண்டு கோடாய்த் தெரியும்.
நான் சரிசெய்யவில்லை.

தொழில் உளவியலைப் புரட்டிப் பார்த்தான்
ஹார்பர் கிரேனில் நைட் பார்க்கும் என் தம்பி ரெமிஜியுஸ்.
"களைப்புக்கு நாப்பது பக்கமா?"
அங்கேயே, பேப்பர் கட்டின்மேல்,
தூங்கிப்போனான்.

சமூக உளவியல், பக்கம் அறுபத்தொன்று:
விழுந்து கிடப்பவரைச் சுற்றி
ஆள் கூடக் கூட
தூக்குகிற கை குறையுமாம்.
அந்தப் பக்கத்தை மட்டும்
எனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டேன்.
போன மார்கழி, எண்ணூர் நெடுஞ்சாலை,
கன்டெய்னர் லாரியின் பின்சக்கரம்,
சைக்கிள் பையன்.
நாங்கள் ஒரு முப்பது பேர்.
என் கையில் அரை லிட்டர் பால் இருந்தது.
அது சிந்தக் கூடாது என்றுதான்
அப்போது நினைத்தேன்.

நேற்று ஷமீலா வந்தாள். இறுதியாண்டு,
ஆலோசனை உளவியலாம்.
"முப்பது காப்பிக்கா. ப்ராஜெக்ட்.
சாயந்திரம் வாங்கிக்கிறேன்."
ஒரே தாள், ஒன்பது கேள்வி.
கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று தொடங்கும்.

கேட் விழுந்திருந்தது.
மணலிக்குப் போகும் டேங்கர்கள்,
எண்ணினால் ஐம்பதைத் தாண்டும்.
சும்மா கிடந்த பென்சிலை எடுத்தேன்.
தூக்கம்: ஏறக்குறைய தினமும் இல்லை.
பசி: பாதி நாள்.
உங்கள்மேலேயே உங்களுக்கு வெறுப்பு:
இங்கே நுனி உடைந்தது.
பேனாவால் போட்டேன்.

அப்புறம் யாரோ கரண்ட் பில் நீட்டினார்,
கேட் ஏறியது, அத்தனை ஹாரனும் ஒன்றாய்,
அவசரத்தில் அதே தாளைக் கவிழ்த்து
முப்பது என்று அழுத்தினேன்.

சாயந்திரம் ஷமீலா எண்ணிப் பார்த்தாள்.
முப்பதிலும் ஒரே ஆள்
தூங்கவில்லை.

"யார்க்கா டிக் போட்டது?"
"மெஷின்ல கறை."
டிக் மாதிரியே விழும் கறை,
ஒன்பது இடத்தில்.

அவள் சிரிக்கவில்லை.
இப்படிப்பட்ட நேரத்துக்கென்று வகுப்பில்
ஒரு முகம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.
அதை எடுத்து மாட்டவும் இல்லை.
பையை இறக்கினாள். தம்பி தூங்கிய கட்டின்மேல்
குந்தினாள்.

"கேட் போட்டுட்டாங்க" என்றாள்,
திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தபடி.
"இருபது நிமிஷம் ஆகும்.
சொல்லுக்கா."